கருவியும் ஆளும்: நிரலாளர் ஆட்சேர்ப்பைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

கும்மிடிப்பூண்டியிலும், திருவள்ளூரை அடுத்த காக்களூரிலும் உள்ள தொழிற்பேட்டைகளின் வழியே செல்வோர், ஆலை வாயில்களிலே தொங்கும் ‘ஆட்கள் தேவை’ என்னும் பலகைகளைக் கண்டிருப்பர். அவற்றை ஊன்றிப் படிப்போர்க்கு ஒன்று புலனாகும். ‘லேத்து வேலை அறிந்தவர் தேவை’ என்று பொதுப்படக் கூறுவதோடு அமையாது, இயந்திரத்தின் பெயரையும், அதனை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் பெயரையும் சேர்த்தே சொல்லும் பலகைகள் உள. ‘பேனக் தெரிந்த சி.என்.சி. ஆபரேட்டர்’ என்றும், ‘சீமென்ஸ் தெரிந்த செட்டர்’ என்றும் அவை விளம்பும். மென்பொருட் கம்பெனிகளின் விளம்பரங்களும் இத்தன்மையனவே. ஜாவா அறிந்தவர், பைத்தான் அறிந்தவர், ரியாக்டில் மூன்றாண்டு பழகியவர் என ஆளைக் கருவியின் பெயராலேயே அழைப்பது அங்கும் வழக்கமாயிற்று.

இவ்வழக்கம் எத்துணைப் பொருத்தமுடையது? புதிதாகத் தொழில் தொடங்குவோன் தான் தேர்ந்த கருவியினால் எத்தகைய ஆட்களைப் பெறுகின்றான்? எத்தகையோரை இழக்கின்றான்? இவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். நம் மாணவருட் பலர் இன்னும் ஓரிரு ஆண்டில் இவ்விளம்பரங்களின் முன் நிற்கப் போகின்றவராதலின், இவ்வாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கன்று.

முதற்கண் கருவி என்பது யாது எனத் தெளிதல் வேண்டும். நிரலாளன் கையாளும் கருவிகள் எல்லாம் ஒரு தரத்தன அல்ல. நிரலை எழுதுதற்குரிய எடிட்டர் அவனுக்கே உரியது. ஒருவன் விம் என்பதிலும், மற்றொருவன் ஈமாக்ஸ் என்பதிலும், வேறொருவன் 2015-இல் வெளிவந்த விஷுவல் ஸ்டூடியோ கோடு என்பதிலும் எழுதினும், பிறந்த நிரலிலே அவ்வேறுபாடு தோன்றாது. தச்சன் எக்கை வாக்கில் இழைப்புளியைப் பிடித்தான் என்பதைப் பலகை சொல்லாது. அது போலவே இதுவும். ஆனால் நிரல்மொழியோ அத்தகையதன்று. ஒரு கம்பெனியின் நிரல் முழுவதும் ஒரு மொழியில் எழுதப்பட்டிருப்பின், அங்கு வரும் ஒவ்வொருவனும் அம்மொழியிலேயே எழுதல் வேண்டும். தேர்ந்தவன் போன பின்பும் தேர்வு நிலைத்து நிற்கும். 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் இயற்றிய கிட் போன்ற பதிவுக் கருவிகள் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டன. இன்று அவை எங்கும் பரவிவிட்டமையின் அவற்றைப் பற்றி வழக்கெழுவதில்லை. ஆட்சேர்ப்பிலே பெரிதும் தலையிடுவது மொழியும், அம்மொழியின்மேற் கட்டிய சட்டகங்களுமேயாம்.

இனி, தொழிற்பேட்டைப் பலகைக்கு மீள்வோம். மென்பொருளிற் கண்ணுக்குப் புலப்படாத பல உண்மைகள் இரும்பிலே தெளிவாக விளங்கும். பேனக், சீமென்ஸ் என்னும் இரு பெட்டிகளும் ஜி-கோடு என்னும் ஒரே குடும்பத்து மொழியைப் பேசுவன. நேர்கோட்டில் வெட்டுக என்பதற்கு இரண்டிலும் ஜி01 தான். ஆயினும், உருளையை அடுக்கடுக்காகச் சீவிக் குறைக்கும் வேலைக்குப் பேனக்கிலே ஜி71 என எழுதுவர். சீமென்ஸ் பழைய முறையிலே அதனைச் சைக்கிள்95 என அழைப்பர். பெயரும் எண் வரிசையும் வேறு, இரும்பு ஒன்றே. எஃகு எவ்வேகத்திற் சுழலின் கருவிமுனை கருகும், அலுமினியம் எந்நிலையில் முனையிலே ஒட்டிக்கொள்ளும், மெல்லிய குழாயைச் சக்கில் இறுக்கினால் எவ்வாறு நெளியும் என்பனவற்றை அறிந்த டர்னருக்குப் புதிய பெட்டி சில வாரத்துப் பழக்கமே. அவற்றை அறியாது பொத்தான்களின் இடத்தை மட்டும் அறிந்தவனுக்கோ, பழகிய பெட்டியும் ஒருநாள் பகையாகும்.

அங்ஙனமாயின், பட்டறை முதலாளி பெட்டியின் பெயரைப் பலகையில் எழுதுவது அறியாமையோ? அன்று. அவனிடம் இருப்பன இரண்டு இயந்திரங்கள். பெரிய மோட்டார்த் தொழிற்சாலைக்கு உறுப்புகளைப் பத்து நாளில் அனுப்பியாக வேண்டும். பழைய ஆபரேட்டர் நேற்று நின்றுவிட்டான். இரண்டு வாரம் இருந்து கற்றுக்கொள்ளும் நல்ல டர்னனைக் காட்டிலும், நாளைக் காலையிலே பொத்தானை அழுத்தவல்ல நடுத்தர ஆளே அவனுக்கு உதவுவான். அவன் வாங்குவது திறமையை அன்று, காலத்தை. பலகையிலுள்ள கருவியின் பெயர் முதலாளியினது நெருக்கடியின் அளவு என்று கொள்ளல் தகும்.

ஸ்டார்ட்டப் எனப்படும் தொடக்கநிலை மென்பொருட் கம்பெனியின் நிலையும் ஏறத்தாழ இதுவே. முதலீட்டாளர் தந்த பணம் சில மாதங்களுக்கே போதும். வருபவன் முதல் வாரத்திலேயே எழுதத் தொடங்க வேண்டும். எனவே கருவியின் பெயர் விளம்பரத்தில் ஏறுகின்றது. இதனோடு இன்னொரு காரணமும் உண்டு. நூறு விண்ணப்பங்களைப் படித்தற்கு நேரமில்லாதவன், அல்லது நிரலெழுத அறியாத ஆட்சேர்ப்பு அலுவலன், பெயர் இருக்கின்றதா இல்லையா என்று பார்த்துத் தள்ளுவது எளிது. முன்னைய காரணம் மன்னிக்கத் தக்கது. பின்னையதனை அங்ஙனம் சொல்லல் இயலாது.

நம் மாநிலத்திலேயே இப்பொருளுக்கு ஏற்ற இரண்டு எடுத்துக்காட்டுகள் உள. அவை ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தனவாதலின் ஒப்பிடற்கு மிகவும் வாய்ப்புடையன.

1996-இல் அட்வென்ட்நெட் என்னும் பெயரோடு தோன்றி, 2009-இல் ஜோஹோ எனப் பெயர் மாற்றிக்கொண்ட கம்பெனி முதலாவது. அதன் மென்பொருள்களிற் பெரும்பாலன ஜாவா மொழியில் அமைந்தன. 1995-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட ஜாவா, அடுத்த பத்தாண்டிலே கல்லூரிப் பாடமாகவும், தனியார் பயிற்சிக் கூடங்களின் முதற் பண்டமாகவும், பெரிய கம்பெனிகளின் பொது வழக்காகவும் ஆயிற்று. ஆகவே ஜாவா அறிந்தாரைத் தேடி அலைய வேண்டுவதில்லை. ஆனால் அவர்களை அழைக்கும் கம்பெனிகளும் அவ்வளவு பல. புகழும் சம்பளமும் மிக்க பெரிய கம்பெனிகளோடு சிறிய கம்பெனி போட்டியிட்டு ஆளைப் பெறுதல் அரிது. இவ்விடத்தில் ஜோஹோ மேற்கொண்ட வழி நோக்கத் தக்கது. 2005-ஆம் ஆண்டை ஒட்டி அது தனக்கென ஒரு பயிற்சிப் பள்ளியை நிறுவிற்று. பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமாவோ முடித்த இளைஞரைச் சேர்த்து, கட்டணம் பெறாது, மாதந்தோறும் உதவித்தொகையும் அளித்துக் கற்பித்து, பின் வேலையும் தந்தது. 2011-இல் தென்காசிப் பக்கத்திலும் அலுவலகம் திறந்தது. கருவி அறிந்த ஆளைத் தேடுவதை விட்டு, ஆளைத் தேர்ந்து கருவியைக் கற்பிக்கும் முறை இது. காலமும் பணமும் கையில் உடையார்க்கே இது கைகூடும் என்பதையும் உடன் சொல்லுதல் வேண்டும். பிறர் முதலீட்டின் அவசரம் இல்லாமை ஜோஹோவிற்கு இதனை இயல்வதாக்கிற்று.

இரண்டாவது, அக்கம்பெனியிற் பணியாற்றிய கிரீஷ் மாத்ருபூதம், ஷான் கிருஷ்ணசாமி என்னும் இருவர் 2010-இல் சென்னையிலே தொடங்கிய பிரெஷ்டெஸ்க். இக்காலத்து அதன் பெயர் பிரெஷ்வொர்க்ஸ். 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் அது பட்டியலிடப்பெற்ற செய்தி யாவரும் அறிந்ததே. அதன் முதல் மென்பொருள் ரூபி ஆன் ரெயில்ஸ் என்னும் சட்டகத்தின்மேல் எழுந்தது. ரூபி, யுகிஹிரோ மாட்சுமோட்டோ என்னும் ஜப்பானியர் 1995-இல் வெளியிட்ட மொழி. ரெயில்ஸ், டேவிட் ஹைன்மையர் ஹான்சன் என்னும் டென்மார்க்கினர் 2004-இல் வெளியிட்ட சட்டகம். ஓரிருவரே கூடி விரைவில் ஓர் இணையப் பயன்பாட்டைக் கட்டி முடிக்க அது உதவும் எனப் புகழ்பெற்றது. சிறு கூட்டத்திற்கு இதனினும் ஏற்ற கருவி அக்காலத்திற் காண்டல் அரிது. ஆயின், அந்நாளிற் சென்னை ஜாவாவின் ஊர். டாட் நெட்டின் ஊர். வங்கிகளின் மெயின்பிரேம் வேலைக்குப் பேர்போன ஊர். ரூபி கற்றார் சிலரே. வேலையை விரைவாக்கும் கருவி ஆட்சேர்ப்பை அரிதாக்குகின்றது என்னும் முரணை இங்கே காண்கின்றோம்.

இத்தகைய கம்பெனிக்கு உள்ள வழிகள் சிலவே. ரூபி அறிந்த அச்சிலரை எங்கிருந்தாயினும் அதிகச் சம்பளத்திற்கு அழைக்கலாம். அல்லது ஜாவாவில் தேர்ந்தாரை எடுத்து, ரூபியைக் கற்றுக்கொள்க என விடலாம். பின்னைய வழியில் ஒரு மறைவான நன்மை உண்டு. பழகிய மொழியைவிட்டுப் பழகாத மொழிக்கு வரத் துணிபவன், அத்துணிவினாலேயே தன் இயல்பை ஓரளவு வெளிப்படுத்துகின்றான். தேர்வுத்தாள் இல்லாமலே ஒரு தேர்வு நடந்துவிடுகின்றது.

இக்கருத்தை உலகறியச் சொன்னவர் பால் கிரகாம் என்னும் அமெரிக்கர். அவர் 1995-இல் தம் நண்பரோடு வயாவெப் என்னும் கம்பெனியைத் தொடங்கி, அதனை லிஸ்ப் என்னும் மொழியில் எழுதினார். 1998-இல் யாஹூ அதனை வாங்கிற்று. 2004-இல் எழுதிய ஒரு கட்டுரையில், வேலைக்கென்று கற்கப்படாத ஒரு மொழியைத் தேர்ந்த கம்பெனி நல்ல நிரலாளரை எளிதிற் பெறும் என்னும் பொருள்பட அவர் வாதித்தார். அம்மொழியைக் கற்றவன் கற்றலின் விருப்பத்தாலேயே கற்றவனாவன் என்பது அவர் கூறும் ஏது. அவர் எடுத்துக்காட்டிய மொழி பைத்தான்.

இவ்வாதம் அழகியதே. ஆனால் இதன் வாழ்நாள் குறுகியது. ஏனெனில், அடையாளம் என்பது பிறர் அறியாதவரையே அடையாளம். நம் நாட்டில் நிகழ்ந்ததைப் பாருங்கள். பொறியியற் கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் நெடுங்காலம் ஆட்சி செய்தது டர்போ சி என்னும் நீலத்திரைக் கருவி. அதனை ஆக்கிய போர்லாண்ட் கம்பெனி அதனைக் கைவிட்டுப் பல்லாண்டு கழிந்த பின்னும் நம் ஆய்வுக்கூடங்கள் கைவிடவில்லை. அந்நாளில் பைத்தான் அறிந்த மாணவன் உண்மையிலேயே தானாகத் தேடிக் கற்றவன். பின்னர், அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017-ஆம் ஆண்டுப் பாடத்திட்டம் பைத்தானை முதலாண்டுப் பொறியியல் மாணவர் அனைவர்க்கும் பாடமாக்கிற்று. 2019-இல் மாநிலப் பாடத்திட்டத்தின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலிலும் அது புகுந்தது. கவரைப்பேட்டையிற் பொறியியல் பயிலும் மாணவனும் பொன்னேரியில் மேல்நிலை பயிலும் மாணவியும் இன்று பைத்தானை மதிப்பெண்ணுக்காகவே படிக்கின்றனர். பாடத்திட்டத்திற்கு இது பெரிய முன்னேற்றம், ஐயமில்லை. ஆனால் அடையாளம் என்னும் நிலையிற் பைத்தான் அன்றே இறந்தது. இப்பொழுது ஒருவன் பைத்தான் அறிவான் என்பதனால் அவன் அப்பாடத்தைப் படித்தவன் என்பதே பெறப்படும்.

இதனினும் ஆழமான குறை ஒன்று கிரகாம் கூற்றில் உள்ளது. அதனைச் சுட்டாது செல்லுதல் நம் மாணவர்க்கு நாம் செய்யும் அநீதியாகும். விருப்பத்தாற் கற்றவன் என்று சொல்லுகின்றோம். விருப்பம் ஒன்றே போதுமா? இரவெல்லாம் இருந்து புதிய மொழியைப் பழகுதற்குக் கணினி வேண்டும்; இணையம் வேண்டும்; மின்சாரம் வேண்டும்; ஆங்கிலத்தில் எழுதிய கையேட்டைத் தடையின்றிப் படித்தல் வேண்டும்; எல்லாவற்றினும் மேலாக ஓய்வு வேண்டும். தந்தை கும்மிடிப்பூண்டி உருக்காலையில் மூன்று ஷிப்டு முறையில் உழைக்க, தான் மாலையிற் கடையில் நின்று, காலையிற் புறநகர் ரயிலிற் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைக்கு ஆர்வம் குறைந்ததா? ஓய்வே குறைந்தது. அரிய மொழியை அறிந்தவனைத் தேடும் கம்பெனி, அறிவை அளப்பதாக எண்ணிக்கொண்டு வசதியை அளந்துவிடல் கூடும்.

இந்த இடைவெளியை அடைக்க அரசு சார்பாக நடந்த முயற்சிகளை நினைவுகூர்தல் நன்று. எல்காட் நிறுவனம் 2007-ஆம் ஆண்டளவில் தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிற்று. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் முதலில் வழங்கப்பெற்ற கணினிகளில் விண்டோஸோடு, சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் ஆக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. கட்டற்ற மென்பொருளின் பெருஞ்சிறப்பு அதன் விலையின்மை மட்டுமன்று. அமெரிக்கக் கம்பெனியில் அமர்ந்தவன் கையாளும் அதே கருவியைக் குக்கிராமத்து மாணவனும் குறைவின்றிக் கையாளலாம் என்பதே. திரைப்படம் பார்த்தற்கே அம்மடிக்கணினிகள் பெரிதும் பயன்பட்டன என்று நகைப்பாரும் உளர். நூலகத்திலும் நாவல் படிப்போரே மிகுதி. அதனால் நூலகத்தை மூடுவாரில்லை.

நிற்க. இதுகாறும் கம்பெனி ஆளைத் தேர்வதையே கூறினோம். ஆள் கம்பெனியைத் தேர்வதும் உண்டு. 2000-ஆம் ஆண்டில் ஜோயல் ஸ்பால்ஸ்கி என்னும் அமெரிக்க நிரலாளர், ஒரு கம்பெனியின் தரத்தை அறிதற்குப் பன்னிரண்டு வினாக்கள் வகுத்தார். பணத்தால் வாங்கத்தக்க மிகச் சிறந்த கருவிகளை நிரலாளர்க்கு அளிக்கின்றீரா என்பது அவற்றுள் ஒன்று. மெதுவாக ஓடும் கணினியைத் தந்து, எடிட்டரும் இன்னதே என விதிக்கும் கம்பெனி, தன் நிரலாளரை எவ்வாறு மதிக்கின்றது என்பதை வேறு சொல்ல வேண்டுவதில்லை. இக்குறிப்பை நல்ல நிரலாளர் விரைவில் உணர்வர்.

ஆனால் ஆளின் தேர்வு எப்பொழுதும் வேலையின் நலத்தையே கருதும் எனல் ஆகாது. அடுத்த விளம்பரத்திலே எப்பெயர் கேட்கப்படுமோ அப்பெயரைத் தன் விண்ணப்பத்தில் ஏற்றிக்கொள்ள விழைந்து, தேவையில்லாத புதுக்கருவியை இன்றைய வேலையிற் புகுத்துவார் உளர். முதலாளியும் புதுமையைக் காட்டி ஆள் பிடிக்கலாம் என்று எண்ணி இசைகின்றார். ஓராண்டிற் கருவியைக் கொணர்ந்தவன் அப்பெயரோடு வேறிடம் போவான். விட்டுச்சென்ற நிரலைப் படிப்பார் எவருமின்றி எஞ்சியோர் திகைப்பர். பணம் குறைந்த சிறு கம்பெனிக்கு இதனினும் கொடிய நோய் இல்லை. கிரகாமின் வயாவெப்பும், யாஹூவின் கையில் 2003-ஆம் ஆண்டளவில் சி++, பெர்ல் என்னும் மொழிகளில் மீண்டும் எழுதப்பட்டது. லிஸ்ப் எத்துணைச் சிறந்ததாயினும், அதனைப் பேணுவோர் தொடர்ந்து கிடைத்தல் வேண்டுமன்றோ!

அரிய கருவி எங்கும் தீங்கே விளைக்கும் என்பதும் பொருந்தாது. வாட்ஸாப், 1986-ஐ ஒட்டி எரிக்சன் ஆய்வுக்கூடத்தில் தொலைபேசி இணைப்பகங்களுக்காகத் தோன்றிய எர்லாங் என்னும் மொழியைத் தேர்ந்தது. 2014-இல் பேஸ்புக் அதனை 1900 கோடி டாலருக்கு வாங்க இசைந்தபோது, 45 கோடி மக்கள் பயன்படுத்திய அச்சேவையை நடத்திய பொறியாளர் முப்பத்திருவரே. இலட்சக்கணக்கான இணைப்புகளை ஒரே காலத்தில் தாங்குதல் எர்லாங்கின் பிறவிக்குணம். அவ்வேலைக்கு அக்கருவி பொருந்திற்று. அதனால் மிகப் பலரைச் சேர்க்க வேண்டிய நெருக்கடியே எழவில்லை. எனவே கருவி அரிதா எளிதா என்று கேட்பதற்கு முன், செய்யும் வேலைக்கு அது பொருந்துமா என்றும், பொருந்தின் எத்தனை பேரின் உழைப்பை மிச்சப்படுத்தும் என்றும் கேட்டல் வேண்டும். திருக்குறளிலே தெரிந்து தெளிதலை அடுத்துத் தெரிந்து வினையாடல் எனத் தனி அதிகாரம் வகுத்த முறைமை இவ்விடத்து நினைவுக்கு வருகின்றது.

கருவியின் பெயராலேயே வேலை பெற்றவர்க்கு வரும் இடரையும் ஒரு சொல் சொல்லிவிடுவோம். 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் ஆண்டை இரண்டு இலக்கத்தால் எண்ணுவதனாற் குழப்பம் விளையும் என்று உலகம் அஞ்சிற்று. அதனைத் திருத்துதற்கு 1959-இல் வகுக்கப்பட்ட கோபால் மொழி அறிந்தார் பெருந்தொகையாகத் தேவைப்பட்டனர். சென்னையின் பயிற்சிக் கூடங்கள் கோபாலைச் சில மாதத்திற் கற்பித்து அனுப்பின. ஆண்டு பிறந்தது, திருத்த வேலை தீர்ந்தது. வங்கிக் கணக்கின் இயல்பையும் தரவின் அமைப்பையும் உடன் கற்றார் வேறு மொழிக்கு மாறித் தழைத்தனர். கோபால் ஒன்றையே கற்றார் மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது. 2022 முதல் கோபைலட் போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், ஒரு மொழியிலுள்ள நிரலைப் பிறிதொரு மொழியிற் பெயர்த்துத் தருதல் வரை வந்துவிட்டன. மொழியின் இலக்கணத்தை மட்டும் விற்கும் கடைக்கு இனிக் கூட்டம் குறையும். தந்த நிரல் சரியா தவறா எனச் சொல்லவல்லார்க்கு வேலை இருக்கும்.

ஆட்சேர்ப்போர் செய்யத்தக்கது ஒன்று உண்டு. நேர்முகத் தேர்விற்கு வருபவனை அவனுக்குப் பழகிய மொழியிலும் அவனுடைய எடிட்டரிலும் ஒரு சிறு வேலையைச் செய்துகாட்டச் சொல்லலாம். பட்டறைகளில் டர்னரை எடுக்கும்போது ஒரு துண்டு இரும்பையும் ஒரு வரைபடத்தையும் கொடுத்து வெர்னியரால் அளந்து பார்க்கும் பழைய வழக்கம் இதுவே. வாய்மொழி வினாக்கள் நூற்றினும் அவ்வொரு துண்டு இரும்பு அதிகம் பேசும்.

இறுதியாக நம் வட்டாரத்திற்கே உரிய ஒரு சிக்கல். ஆலைகளிற் பி.எல்.சி. என்னும் கட்டுப்பாட்டுக் கணினிகளுக்கு நிரலெழுதுவோரின் தேவை வளர்ந்து வருகின்றது. ஆனால் அக்கருவிகளிற் பல, உரிமம் விலைகொடுத்துப் பெறவேண்டியன. இயந்திரமோ ஆலைக்குள் இருப்பது. ஆலைக்குள் இருப்பவனே பழகலாம். பழகியவனையே ஆலை எடுக்கும். வாயிலுக்கு வெளியே நிற்கும் நம் மாணவன் எங்கே தொடங்குவான்? பைத்தானுக்கு இல்லாத மதில் இங்கு எழுந்து நிற்கின்றது. இம்மதிலிற் சிறு வாயில்கள் இல்லாமலில்லை. ஓப்பன் பி.எல்.சி. என்னும் கட்டற்ற மென்பொருளில் ஏணி வரைபட நிரலை எழுதிச் சாதாரணக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கலாம். லினக்ஸ் சி.என்.சி. என்பது அமெரிக்க அரசின் அளவைத்தர நிறுவனத்தில் 1990-களில் நடந்த ஆராய்ச்சியினின்று வளர்ந்தது. லேத்து ஒன்றும் இல்லாதவரும் அதன் பாவனை முறையில் ஜி-கோடு எழுதி, கருவிமுனை செல்லும் வழியைத் திரையிற் காணலாம். கல்லூரியின் பழைய கணினிகளில் இவ்விரண்டையும் நிறுவுதற்கு ஆகும் செலவு ஒரு மாலைப்பொழுது.